முதுமலை நலமாக இருக்கிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

கேள்வி: பள்ளி மாணவர்களை முதுமலைக்கு அழைத்துப் போய்வந்த ஓர் ஆசிரியர் கேட்கிறார். "வண்டி ஜன்னல் வழியாகப் பார்த்தபோது காடு பச்சைப்பசேல் என்று இருந்தது. புலிகள் பெருகியிருப்பதாகச் செய்தித்தாளில் படித்தோம். ஆனால் கூட வந்த வழிகாட்டி, 'காடு முன்ன மாதிரி இல்லீங்க சார்' என்றார். எது சரி என்று பிள்ளைகள் கேட்கிறார்கள். பாதுகாக்கப்பட்ட ஒரு காட்டின் உடல்நலத்தைப் பல ஆண்டுகளுக்கு எப்படிக் கண்காணிக்கிறார்கள்?"

பதில்:

பச்சையாகவும் இருக்கலாம், புலியும் பெருகியிருக்கலாம், காடு முன்போல இல்லாமலும் இருக்கலாம். மூன்றும் ஒரே நேரத்தில் உண்மையாக இருக்க முடியும். நீலகிரி அடிவாரத்தில் சில ஆண்டுகள் மரக் கணக்கெடுப்புக்கு டேப் பிடித்தவன் என்ற முறையில், எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

நீங்கள் ஆசிரியர் என்பதால் உங்கள் பக்கத்து உதாரணமே எடுத்துக்கொள்வோம். ஓர் ஊருக்குத் திருவிழா அன்று போனால் தெருவெல்லாம் கூட்டமாக இருக்கும். ஊர் செழிப்பாக இருக்கிறது என்று நினைத்துக்கொண்டு திரும்பிவிடலாம். ஆனால் அந்த ஊரின் நிலைமை தெரிய வேண்டுமென்றால் பள்ளிக்கூடத்துக்குப் போய், இந்த வருடம் ஒன்றாம் வகுப்பில் எத்தனை பிள்ளைகள் சேர்ந்தார்கள் என்று பதிவேட்டைப் பார்க்க வேண்டும். முப்பது வருடப் பதிவேடு கிடைத்தால் அந்த ஊர் எப்போது தேய ஆரம்பித்தது, எப்போது தேறியது என்பது வரை படித்துவிடலாம். காட்டுக்கும் அப்படித்தான். நிற்கிற மரம் எல்லோர் கண்ணுக்கும் படுகிறது. அதன் காலடியில் அடுத்த தலைமுறை வருகிறதா, வந்தது தேறுகிறதா என்று பார்க்கத்தான் கண்காணிப்பு வேண்டியிருக்கிறது.

முதுமலைக்கு அப்படி ஒரு பதிவேடு உண்டு. 1940-ல் சரணாலயமாகி, 2007-ல் புலிகள் காப்பகமான இந்தக் காட்டின் மையப் பகுதி மட்டும் 321 சதுர கிலோமீட்டர். மேற்கே கேரள எல்லைப் பக்கம் நல்ல மழை, கிழக்கே மாயாறு இறங்கிப் போகும் திசையில் மழை மூன்றில் ஒரு பங்குக்குக் குறைந்துவிடும். ஒரே நாளில் மேற்கிலிருந்து கிழக்கே போனால் ஈர இலையுதிர் காடு, உலர் இலையுதிர் காடு, முள்காடு என்று மூன்று காடுகளைப் பார்க்கலாம். நடுவிலுள்ள உலர் இலையுதிர் காட்டில், 1988-ல், பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தின் ராமன் சுகுமாரும் அவருடைய குழுவினரும் 50 ஹெக்டேர் நிலத்தை அளந்து ஒதுக்கினார்கள். ஒரு கிலோமீட்டர் நீளம், அரை கிலோமீட்டர் அகலம். அதற்குள் ஒரு சென்டிமீட்டர் விட்டம் தாண்டிய ஒவ்வொரு மரத்துக்கும், குச்சியாக நிற்கும் கன்று உட்பட, ஓர் எண் கொடுத்தார்கள். சுமார் 70 இனங்களில் 25,000-க்கும் மேற்பட்ட தண்டுகள். அன்றிலிருந்து ஆண்டுதோறும் போய் எது செத்தது, எது புதிதாக வந்தது என்று குறிக்கிறார்கள். நான்கு ஆண்டுக்கு ஒருமுறை எல்லா மரங்களின் பருமனையும் அளக்கிறார்கள்.

இந்த முறைக்கு முன்னோடி பனாமா நாட்டில் இருக்கிறது. அங்கே பார்ரோ கொலராடோ தீவில் 1980-களின் தொடக்கத்தில் ஸ்டீபன் ஹப்பெல், ராபின் ஃபாஸ்டர் என்ற இரண்டு அறிவியலாளர்கள் இதே அளவு நிலத்தில் 2 லட்சத்துக்கும் மேற்பட்ட தண்டுகளை எண்ணினார்கள். இனங்கள் ஏறக்குறைய 300. அதே 50 ஹெக்டேரில் முதுமலையில் தண்டுகள் எட்டில் ஒரு பங்குதான். பனாமாக் கணக்கில் பெரும்பகுதி விரல் பருமன் கன்றுகள். முதுமலையில் அந்தக் கன்றுகள்தான் குறைவு. மழையும் குறைவு, மழையில்லாத காலமும் நீளம், தீயும் யானையும் வேறு. ஆக, பதிவேட்டின் முதல் பக்கத்திலேயே ஒன்றாம் வகுப்பு காலியாகத்தான் இருந்தது. அது நோயா, இந்தக் காட்டின் இயல்பா என்பதை அந்த ஒரு பக்கத்தை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது.

அளப்பது என்றால் என்ன என்று கொஞ்சம் கிட்டத்தில் நின்று பாருங்கள். தரையிலிருந்து 1.3 மீட்டர், நம் கணக்கில் நாலேகால் அடி உயரத்தில் மரத்தைச் சுற்றி ஒரு பெயின்ட் கோடு இருக்கும். அந்தக் கோட்டின் மேல்தான் டேப் ஓட வேண்டும். மேட்டில் நிற்கும் மரத்துக்கு மேட்டுப் பக்கத்திலிருந்து உயரம் பார்க்க வேண்டும். கோடு இருக்கும் இடத்தில் முண்டு முடிச்சு இருந்தால் எங்கே அளந்தோம் என்பதைக் குறித்து வைக்க வேண்டும். டேப்புக்கு அடியில் கொடி, கறையான் மண், உரிந்த பட்டை எதுவும் மாட்டக் கூடாது. ஒருவர் டேப் பிடித்து எண்ணைச் சத்தமாகச் சொல்வார், எழுதுபவர் அதைத் திருப்பிச் சொல்வார், போன முறை அளவோடு ஒப்பிட்டு "சரி, அடுத்தது" என்பார். யானை முதுகு தேய்த்த மரத்தில் எண் தகடு பறந்து போயிருக்கும். சுற்றி நிற்கும் மரங்களின் எண்களை வைத்து, வரைபடத்தைப் பார்த்து, "இது 3-க்கும் 5-க்கும் நடுவுல நிக்கிறது, அப்ப 4 தான்" என்று கண்டுபிடித்துப் புதுத் தகடு கட்ட வேண்டும்.

இத்தனை கவனம் எதற்கு? உலர் காட்டில் ஒரு நடுத்தர மரம் வருடத்துக்குச் சில மில்லிமீட்டர்தான் பருக்கும். டேப் கொஞ்சம் சாய்ந்தாலே அதைவிடப் பெரிய பிழை வந்துவிடும். நான் வேலை பார்த்த ஒரு சிறிய ஆய்வுத் திடலில் ஒரு முறை ஏகப்பட்ட மரங்கள் மெலிந்துவிட்டதாகக் கணக்கு வந்தது. எல்லோரும் பதறினோம். பிறகு பழைய தாள்களைப் புரட்டியபோதுதான் தெரிந்தது, முந்தைய அளவு மழை முடிந்த கார்த்திகையில் எடுத்தது, நாங்கள் அளந்தது காடு காய்ந்து கிடந்த மாசியில். கோடையில் மரம் தண்ணீரை இழந்து உண்மையாகவே லேசாகச் சுருங்கும். மாதத்தை மாற்றியதால் வந்த கோளாறு அது. அந்த வருட உழைப்பில் பாதி வீணானது இன்னும் எனக்கு உறுத்தல்தான். அதே இடம், அதே மாதம், அதே உயரம், அதே முறை என்று மூத்தவர்கள் ஏன் பிடிவாதம் பிடிக்கிறார்கள் என்று அன்றைக்குப் புரிந்தது.

மாசியில் போனால் இன்னொரு சிக்கலும் உண்டு. இலை இருக்காது. இலையில்லாத மரத்தை எப்படி அடையாளம் காண்பது? அங்கேதான் காட்டுநாயக்கர், குறும்பர், இருளர் சமூகத்திலிருந்து வரும் களப்பணியாளர்களின் கண் வேண்டும். கருமருதின் பட்டை முதலைத் தோல்போல வெடித்திருக்கும், வெண்தேக்கின் பட்டை வழவழவென்று வெளுத்து உரியும், வெக்காலி சாம்பல் பூசினாற்போல நிற்கும். இதெல்லாம் நான் அவர்களிடம் கற்றது. சுண்டுவிரல் பருமன் கன்றை நகத்தால் கீறி முகர்ந்து பெயர் சொல்வதை மட்டும் என்னால் கடைசி வரை கற்றுக்கொள்ள முடியவில்லை. பதிவேட்டின் நம்பகம் அந்த மூக்கிலும் கண்ணிலும்தான் இருக்கிறது.

சரி, முதுமலைப் பதிவேடு என்ன சொன்னது?

தொடங்கிய பிறகு வந்த பத்தாண்டில் தண்டுகளின் எண்ணிக்கை மளமளவென்று சரிந்தது. பெரிய மரங்கள் பெரும்பாலும் அப்படியே நின்றன. அடிபட்டவை சிறியவை. குறிப்பாக இரண்டு இனங்கள். ஒன்று கிடியா, வெண்டைக்காய்க் குடும்பத்து மரம். யானைக்கு அதன் பட்டையும் கிளையும் பிடிக்கும், ஒடித்துத் தள்ளிவிடும். மற்றொன்று வலம்புரி. நாட்டு மருந்துக் கடையில் முறுக்கு முறுக்காக வலம்புரிக்காய் விற்பார்களே, அந்தச் செடி. யானை ஒரு பக்கம், 1990-களில் அடுத்தடுத்து வந்த தரைத்தீ மறுபக்கம் என்று இரண்டும் கடுமையாகக் குறைந்தன.

அந்தப் பத்தாண்டோடு ஆய்வை நிறுத்தியிருந்தால், "முதுமலைக் காடு செத்துக்கொண்டிருக்கிறது, யானையைக் குறைக்க வேண்டும்" என்று யாராவது முடிவு எழுதியிருக்கலாம். நிறுத்தவில்லை. தீ இடைவெளி விட்ட ஆண்டுகளில் கன்றுகள் மறுபடி மேலே வந்தன, எண்ணிக்கை ஏறியது. ஆனால் போன இனமே திரும்பி வந்துவிடவில்லை. சரக்கொன்றை போன்றவை கூடுதலாக வந்தன. கூட்டுத்தொகை தேறியது, உள்ளே ஆள் மாறியிருந்தது. இதைச் சாலையில் போகிறவர்கள் ஒருவர்கூடக் கவனித்திருக்க முடியாது.

தீயைப் பற்றி ஒரு விஷயம் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் இங்கே எண்ணுவதே தந்திரமான வேலை. தை கடைசியிலிருந்து பங்குனி வரை உலர்ந்த புல் வழியாக ஓடும் தரைத்தீ, கன்றின் தண்டைக் கருக்கிவிடும். கன்று செத்துவிட்டது என்று எழுதுவோம். அடுத்த மழைக்கு அதே வேரிலிருந்து புதுத் துளிர் வரும். இரண்டு மூன்று வருடத்தில் இடுப்பளவு வளரும்போது மறுபடி தீ. இப்படிப் பத்து, இருபது வருடம் ஒரே உயரத்தில் மாட்டிக்கொண்டு கிடக்கும் கன்றுகள் உண்டு. மேலே பார்த்தால் நாற்று, கீழே தோண்டினால் கை பருமன் வேர். அதற்கு வேண்டியது நான்கைந்து வருடம் தீயில்லாத ஓர் இடைவெளி. அது கிடைத்தால் தீ எட்டாத உயரத்துக்குத் தப்பி மரமாகிவிடும். அதனால் இந்தக் காட்டில் "இந்த வருடம் தீ வந்ததா" என்பதைவிட "கடைசித் தீக்குப் பிறகு எத்தனை வருடம்" என்பதே முக்கியமான அளவு. தீ எரிந்த இடங்களை ஆண்டுவாரியாக வரைபடத்தில் குறித்து வைப்பது இதற்காகத்தான். இந்த வேலைக்குச் செயற்கைக்கோள் படம் அருமையாக உதவுகிறது.

வறட்சியும் இதேபோல அவசரக்காரர்களை ஏமாற்றும். மழை பொய்த்த அதே வருடத்தில் பெருமரம் சாய்ந்துவிடுவதில்லை. வேரும் தண்டும் பலவீனப்பட்டு, பூச்சி ஏறி, பின்னால் வரும் ஆண்டுகளில்தான் சாவு பதிவேட்டில் விழும். மூன்றாண்டுத் திட்டத்தில் அளப்பவர்களுக்குக் காரணம் ஒரு திட்டத்திலும் விளைவு அடுத்த திட்டத்திலும் போய்விடும்.

இப்போது உங்கள் ஜன்னல் வழியாகத் தெரிந்த பச்சைக்கு வருவோம். அந்தப் பச்சையில் எது உண்ணிச்செடி, எது மஞ்சள் கொன்றை என்று பிள்ளைகளிடம் கேட்டுப் பாருங்கள். உண்ணிச்செடி 19-ஆம் நூற்றாண்டில் தோட்ட அழகுக்காக வெளிநாட்டிலிருந்து வந்தது. இன்று சாலை ஓரத்திலிருந்து காட்டின் உள்ளே வரை புதர் புதராக மண்டியிருக்கிறது. மானும் காட்டெருமையும் மேயும் புல் அதன் அடியில் வளராது. நாட்டு மரத்தின் கன்று எழும்பக் கஷ்டப்படும். மஞ்சள் கொன்றையும் அழகுக்கும் நிழலுக்கும் விறகுக்கும் கொண்டுவந்த மரம்தான். வெட்டினால் அடியிலிருந்து பத்தாகத் துளிர்க்கும். வானத்திலிருந்து பார்த்தால் இரண்டும் கொழுகொழுவென்ற பச்சை. செயற்கைக்கோள் பசுமைக் குறியீட்டில் அந்த இடம் "நலமாக" இருக்கும். தரையில் இறங்கிப் பார்த்தவர்தான் உண்மையைச் சொல்ல முடியும். காட்டின் நலத்தைப் பசுமைப் பரப்பை வைத்து மட்டும் அளப்பதை நான் ஒப்புக்கொள்ளவே மாட்டேன். அது காய்ச்சலில் சிவந்த முகத்தைப் பார்த்து ஆள் தெம்பாக இருக்கிறான் என்பது போல.

இதற்கு நல்ல சான்று பக்கத்திலேயே, கர்நாடகத்தின் பிலிகிரிரங்கன் மலையில் இருக்கிறது. அங்கே காடு முழுக்க இரண்டு கிலோமீட்டர் கட்டம் போட்டு, ஒவ்வொரு கட்டத்திலும் சிறு துண்டு நிலத்தில் எல்லாத் தண்டுகளையும் 1997-ல் எண்ணினார்கள். 2008-ல் அதே இடங்களுக்குத் திரும்பிப் போய் மறுபடி எண்ணினார்கள். முதல் முறை நூற்றில் 41 இடங்களில் உண்ணிச்செடி இருந்தது, இரண்டாம் முறை 81 இடங்களில். முதல் முறை எண்ணிய 20 தண்டுகளில் ஒன்று உண்ணிச்செடி, இரண்டாம் முறை மூன்றில் ஒன்று. வெறும் பதினோரு வருடத்தில்! நடுவில் யாரும் காட்டை வெட்டவில்லை, சட்டப்படி முழுப் பாதுகாப்பு இருந்தது. 1997-ல் அந்த இடங்களைத் துல்லியமாகக் குறித்து வைத்திருந்ததால்தான் இது நமக்குத் தெரிகிறது.

அதே மலையில் வாழும் சோளகர்கள் இதை வேறு விதமாக முன்பே சொல்லி வந்தார்கள். முன்பெல்லாம் கோடையின் தொடக்கத்திலேயே சருகுக்கு மட்டும் சின்னத் தீ வைப்பார்கள். 'தரகு பெங்கி' என்று பெயர், சருகுத் தீ என்று பொருள். அது நின்றுபோன பிறகுதான் உண்ணிச்செடி பெருகியது, நெல்லி மரங்களில் புல்லுருவி ஏறியது என்பது அவர்கள் வாதம். உண்ணிச்செடிக்கு முழுக் காரணமும் இதுதானா என்பதில் அறிவியலாளர்களிடையே விவாதம் உண்டு. இப்போது மண்டிக் கிடக்கும் புதரில் தீ பிடித்தால் பழைய சருகுத் தீயைவிடப் பல மடங்கு உக்கிரமாக எரியும் என்பதும் உண்மை. ஆனால் மாற்றம் நடக்கிறது என்பதை எந்த ஆய்வுக்கும் முன்னால் கவனித்தவர்கள் அவர்கள். உங்கள் வழிகாட்டியின் "முன்ன மாதிரி இல்லீங்க" என்ற வாக்கியத்தை நான் அப்படித்தான் எடுத்துக்கொள்வேன். அதை முடிந்த முடிவாக எழுதிவிடக் கூடாது, தட்டிக் கழிக்கவும் கூடாது. என்ன மாதிரி இல்லை, எந்த இடத்தில், எப்போதிலிருந்து என்று உட்கார்ந்து கேட்க வேண்டும்.

அப்புறம் புலி. 2005-ல் ராஜஸ்தானின் சரிஸ்காவில் ஒரு புலிகூட மிஞ்சவில்லை என்று தெரியவந்தது. அதற்கு முன்பு வரை அங்கே புலிகள் இருப்பதாகக் கால்தடக் கணக்கு சொல்லிக்கொண்டிருந்தது. அந்த அதிர்ச்சிக்குப் பிறகு முறையே மாறியது. காட்டைக் கட்டங்களாகப் பிரித்து, புலி நடக்கும் பாதையின் இரு பக்கமும் ஜோடியாகத் தானியங்கிக் கேமரா கட்டுகிறார்கள். ஒரே புலிக்கு இடப்பக்க வரியும் வலப்பக்க வரியும் வேறு வேறு என்பதால் ஜோடி தேவை. மறுபடி மறுபடி சிக்கும் புலிகளை வைத்து, சிக்காத புலிகள் எத்தனை இருக்கும் என்று கணக்கிடுகிறார்கள். நான்கு ஆண்டுக்கு ஒருமுறை நாடு முழுக்க நடக்கும் இந்தக் கணக்கில் 2006-ல் தமிழ்நாட்டுக்கு 76 புலிகள், 2022-ல் 306. இது உண்மையான வெற்றி. வேட்டைத் தடுப்புக் காவலர்கள் மழையிலும் அட்டையிலும் நடந்த நடைக்குக் கிடைத்த பலன்.

ஆனால் இந்த எண் எதைச் சொல்கிறது என்பதில் தெளிவு வேண்டும். துப்பாக்கிச் சத்தம் நின்றால் மான் பெருகும், மான் பெருகினால் ஐந்தாறு வருடத்தில் புலி பெருகும். மரம் அந்த வேகத்தில் ஓடுவதில்லை. கருமருதுக் கன்று வரவில்லை என்பதன் விளைவு ஐம்பது, அறுபது வருடம் கழித்து, இன்றைய பெருமரங்கள் சாயும்போதுதான் தெரியும். ஆக, புலிக் கணக்கு கூடினால் காவல் நன்றாக நடக்கிறது, இரை இருக்கிறது என்று அர்த்தம். காட்டின் அடுத்த தலைமுறையைப் பற்றி அது ஒன்றும் சொல்லாது.

புலிக் கணக்கிலும் பதிவேடு முக்கியம்தான். கர்நாடகத்தின் நாகர்ஹொளே காட்டில் புலி ஆய்வாளர் உல்லாஸ் கரந்த் குழுவினர் 1990-களில் ஒன்பது ஆண்டுகள் கேமராவில் பின்தொடர்ந்தபோது, ஒரு வருடம் பார்த்த புலிகளில் ஏறக்குறைய கால்வாசி அடுத்த வருடம் அங்கே இல்லை. செத்தவையும் உண்டு, வெளியே போனவையும் உண்டு. அப்படியும் தொகை நிலைத்து நின்றது, ஏனென்றால் குட்டிகள் பிறந்து இடத்தை நிரப்பிக்கொண்டே இருந்தன. எண்ணிக்கை ஒன்றாகவே இருக்கும், உள்ளே இருக்கும் முகங்கள் மாறிக்கொண்டே இருக்கும். வரத்து நின்றால் இரண்டு மூன்று வருடத்தில் தொகை சரிந்துவிடும். யானையிலும் அதே பாடம். எத்தனை யானை என்பதைவிட, கூட்டத்தில் கன்று எத்தனை, வளர்ந்த கொம்பன் எத்தனை என்று பிரித்து எழுதுவதில்தான் விஷயம் இருக்கிறது. தந்த வேட்டை கொம்பன்களை மட்டும் குறிவைத்த காலத்தில் மொத்த எண்ணிக்கை பெரிதாகக் குறையாமலே ஆண், பெண் விகிதம் கோணலாகிவிட்டது.

சலிப்பான கணக்கெடுப்பின் அருமைக்கு எனக்கு மிகவும் பிடித்த உதாரணம் பாறுக் கழுகுகள். ராஜஸ்தானின் பரத்பூரில் விபு பிரகாஷ் என்ற அறிவியலாளர் 1980-களில் பாறுகளின் கூடுகளை எண்ணி வைத்திருந்தார். அப்போது பாறு காக்கையைப் போலச் சாதாரணம், அதை ஏன் எண்ண வேண்டும் என்று யாரும் கேட்டிருக்கலாம். 1990-களில் அவர் மறுபடி எண்ணியபோதுதான் சரிவு வெளியே வந்தது. இந்தியாவில் வெண்முதுகுப் பாறுகள் 1992-க்கும் 2007-க்கும் இடையில் ஆயிரத்தில் ஒன்று என்ற அளவுக்குக் குறைந்தன. மாட்டுக்குப் போடும் டைக்ளோஃபெனாக் ஊசிமருந்து இறந்த மாட்டின் உடல் வழியாகப் போய்ப் பாறுகளின் சிறுநீரகத்தைக் கெடுக்கிறது என்று 2004-ல் தெரிந்தது. 2006-ல் கால்நடைகளுக்கு அது தடை செய்யப்பட்டது. முன்பு எண்ணி வைத்த கணக்கு இல்லையென்றால் இந்தச் சங்கிலியின் முதல் கண்ணியே கிடைத்திருக்காது. தென்னிந்தியாவில் மிஞ்சிய பாறுகளில் பெரும்பகுதி முதுமலையை ஒட்டிய சீகூர், மாயாற்றுப் பள்ளத்தாக்கில்தான் வாழ்கிறது. ஆற்றோரம் உயர்ந்து நிற்கும் நீர்மருது மரங்களில் கூடு கட்டி, வருடத்துக்கு ஒரே ஒரு முட்டை இடும். அந்த ஒரு முட்டை குஞ்சாகிப் பறந்ததா என்று கூடு கூடாகப் பார்க்கிறவர்கள் இருக்கிறார்கள். தமிழ்நாடு, கேரளா, கர்நாடகம் மூன்றும் ஒரே நாட்களில் சேர்ந்து எண்ணத் தொடங்கியிருப்பதும் நல்ல காரியம், பாறுக்கு மாநில எல்லை தெரியாதே.

"முன்ன மாதிரி" என்றால் எந்த முன்? இதையும் பிள்ளைகளோடு பேசலாம். 1988-ல் எண்ணத் தொடங்கியபோது முதுமலை கன்னிக்காடாக இருக்கவில்லை. 19-ஆம் நூற்றாண்டிலிருந்தே அங்கே தேக்கு வெட்டினார்கள், தேக்குத் தோட்டம் போட்டார்கள். இன்னும் பின்னால் போக வேண்டுமானால் ஊட்டி பக்கம் சாண்டிநல்லாவில் சதுப்பு மண்ணைத் தோண்டி எடுத்த மாதிரிகள் இருக்கின்றன. அடுக்கடுக்காக இறங்கும் அந்தக் கரிமண்ணில் உள்ள கார்பன் வகையை வைத்து, 20,000 ஆண்டுகளில் நீலகிரி மேட்டில் மழை எப்போது ஓங்கியது, எப்போது ஒடுங்கியது, புல்லும் மரமும் எப்படி இடம் மாறின என்று சுகுமார் குழுவினரே 1993-ல் எழுதினார்கள். காடு எப்போதும் மாறிக்கொண்டுதான் இருந்திருக்கிறது. எனவே மாறக் கூடாது என்று நான் எதிர்பார்ப்பதில்லை. மழையும் பனியும் ஆயிரம் ஆண்டுகளில் செய்த மாற்றத்தை உண்ணிச்செடி பதினோரு வருடத்தில் செய்கிறதே, அந்த வேகம்தான் எனக்குக் கவலை.

மழைமானி, ஆற்று நீரளவு, சாலையில் அடிபடும் விலங்குகளின் கணக்கு, இரை விலங்குகளை எண்ண அதிகாலையில் நேர்கோட்டில் நடக்கும் நடை என்று இன்னும் பல உண்டு. எல்லாவற்றுக்கும் ஒரே நிபந்தனை, நிற்காமல் நடக்க வேண்டும். நம் ஊரில் ஆய்வுக்குப் பணம் பெரும்பாலும் மூன்று வருடம், ஐந்து வருடம் என்றுதான் வருகிறது. நடுவில் ஒரு வருடம் பணம் நின்றால் அந்த வருடச் சாவும் பிறப்பும் கலந்துபோகும், பிறகு எவ்வளவு கொட்டினாலும் அதைத் திரும்ப வாங்க முடியாது. தினக்கூலியில் இருபது வருடம் மரம் அடையாளம் காட்டியவர் ஒருவர் வேலையை விட்டுப் போனால் அதே கதைதான். புதுக் கேமரா வாங்கக் கிடைக்கும் பணம், அந்த மனிதருக்கு நிரந்தரச் சம்பளம் கொடுக்கக் கிடைப்பதில்லை. எனக்கு இதில் உண்மையாகவே கோபம் உண்டு.

சரி, உங்கள் பிள்ளைகளுக்கு. காப்பகத்துக்குள் வண்டியை விட்டு இறங்கக் கூடாது, ஆனால் அடுத்த முறை போகும்போது மரத்தின் உச்சியைப் பார்க்காமல், முழங்காலுக்கும் தலைக்கும் நடுவே உள்ள உயரத்தைப் பார்க்கச் சொல்லுங்கள். அந்த உயரத்தில் நிற்பது நாட்டு மரக் கன்றா, உண்ணிச்செடியா, ஒன்றுமே இல்லையா என்று ஒரு கிலோமீட்டருக்கு எண்ணட்டும். ஊருக்குத் திரும்பியதும், ஏரிக்கரையோ கோயில் காடோ, அனுமதி கிடைக்கும் ஓர் இடத்தில் 20 மீட்டருக்கு 20 மீட்டர் கயிறு கட்டுங்கள். முதுமலைத் திடலே இப்படிப்பட்ட 1,250 சதுரங்கள்தான். நான்கு மூலையிலும் கல் நடுங்கள். உள்ளே உள்ள எல்லா மரத்துக்கும் கன்றுக்கும் எண் கொடுத்து, நாலேகால் அடியில் கோடு போட்டு அளந்து எழுதுங்கள். தாளின் மேலே தேதியும், டேப் பிடித்தவர் பெயரும், எழுதியவர் பெயரும் இருக்கட்டும். இரண்டு பிரதி எடுத்து ஒன்றைப் பள்ளி அலுவலகத்தில் சேர்க்கைப் பதிவேடு இருக்கும் அலமாரியிலேயே வையுங்கள். அடுத்த வருடம் அதே மாதத்தில் அடுத்த வகுப்பு அளக்கட்டும்.